மின்சார நகரமும் பிள்ளைகளின் இதயமும்

நெய்வேலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக மூன்று கணக்குகளைச் சொல்வார்கள். எத்தனை டன் பழுப்பு நிலக்கரி வெட்டப்பட்டது, எத்தனை மெகாவாட் மின்சாரம் பிறந்தது, அதற்காக எத்தனை கிராமங்கள் பெயர்ந்தன என்பவை அவை. யாரும் எழுதாத நான்காவது கணக்கு ஒன்று இருக்கிறது. மனித உடம்பிலிருந்து எவ்வளவு வேலை இறக்கி வைக்கப்பட்டது என்ற கணக்கு அது. மின்சாரம் செய்யும் காரியமே அதுதான். ஏற்றம் இறைத்த தோளிலிருந்தும், ஆட்டுக்கல் சுற்றிய கையிலிருந்தும், மாவு இடித்த முதுகிலிருந்தும் பாரத்தை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொள்கிறது. தமிழ்நாட்டுக்கே அந்த விடுதலையைத் தயாரித்து அனுப்பிய ஊர் நெய்வேலி. பாரம் இறங்கிய உடம்பில் முதலிலிருந்தே வளர்ந்தவர்கள் அந்த ஊரின் பிள்ளைகள். இன்று நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கூடிவரும் எடையையும், அந்த எடை இதயத்துக்குச் செய்யும் தீங்கையும் நான்காவது கணக்கின் பற்று வரியாகப் படிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பிள்ளையின் சோம்பல் என்றும் தாயின் செல்லம் என்றும் சொல்லி அதை முடித்துவிட்டால் வரலாறு கண்ணில் படாது. வரலாறு கண்ணில் பட்டால், ஒரு நகரம் உண்டாக்கியதை அந்த நகரமே திருத்த முடியும் என்பதும் கண்ணில் படும்.

தென்னாற்காட்டின் அந்தப் பகுதி காவிரிப் படுகையைப் போல நெல்லை நம்பி வாழ்ந்த பூமியாக இருக்கவில்லை. மல்லாட்டை, கம்பு, கேழ்வரகு, வரகு, பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் என்று மானாவாரி நிலம் கொடுத்ததை உண்டு வாழ்ந்த ஊர்கள் அவை. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஒரு பொருள் வெளிப்பட்டது. அது எரியக்கூடியது என்று தெரிந்து, அரசின் ஆய்வுகள் நடந்து, அடியில் கிடந்தது பெரும் புதையல் என்று உறுதியாக இருபது ஆண்டுகள் ஆயின. காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. மறு ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளியே தெரிந்தது. 1962இல் சோவியத் உதவியுடன் கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கியது. 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த முதல் நிலையம் 2020இல் மூடப்படும்வரை ஓடியது. சுரங்கத்துக்குப் பக்கத்தில், அகலச் சாலைகளும் மரவரிசைகளும் வட்டம் வட்டமாகப் பிரித்த குவார்ட்டர்ஸுமாக ஒரு டவுன்ஷிப் எழுந்தது. பள்ளி, மருத்துவமனை, பஜார், விளையாட்டு அரங்கம், குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் நிர்வாகமே கட்டியது. தொழிலாளியின் குடும்பம் வாழ்வதற்கென்று காகிதத்தில் வரைந்து பிறகு மண்ணில் எழுப்பிய ஊர் என்பதால், அங்கே யார் எவ்வளவு தூரம் நடப்பார்கள், என்ன உண்பார்கள், எங்கே விளையாடுவார்கள் என்பதில் பெரும்பகுதி யாரோ ஒருவர் எடுத்த முடிவின் விளைவு.

சுரங்க நகரம் என்றதும் மனதில் எழுவது கூடை சுமக்கும், பிக்காசு ஓங்கும் தொழிலாளியின் உருவம். ஜார்கண்டிலுள்ள ஜாரியாவின் பழைய குழிச் சுரங்கங்களுக்கு அது பொருந்தும். நெய்வேலி தொடக்கத்திலிருந்தே இயந்திரச் சுரங்கம். நிலக்கரிக்கு மேலே கிடந்த கெட்டியான மண்ணடுக்கை அகற்ற ஜெர்மானியச் சக்கர வாளி இயந்திரங்கள் வந்தன. வெட்டியதைச் சுமந்து போனது கன்வேயர் பெல்ட். அடியில் இருந்த நீரழுத்தத்தைத் தணிக்க மோட்டார்கள் இரவு பகலாக ஓடின. ஆகவே அங்கே நிரந்தர வேலை பெற்றவர்களில் பெரும்பாலோர் இயந்திரம் ஓட்டுபவராகவும், ஃபிட்டராகவும், எலெக்ட்ரீஷியனாகவும், கணக்கெழுதுபவராகவும் இருந்தார்கள். வேலை கடினமாக இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. இரவு ஷிப்டும் தூசியும் வெயிலும் இரைச்சலும் உடம்பை வேறு வகையில் தின்றன. ஆனால் தசையைக் கொண்டு செய்யும் வேலை முந்தைய தலைமுறையின் வயல் வேலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்தது. மண் வாரும் வேலை, சாம்பல் அள்ளும் வேலை போன்றவை படிப்படியாக ஒப்பந்தத் தொழிலாளர் மேல் விழுந்தன. அவர்களில் பலர் குவார்ட்டர்ஸில் வசிக்காமல் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்து போனவர்கள். இந்தப் பிரிவினை பின்னால் சொல்லப்போகும் செய்திக்கு முக்கியம்.

உடலுழைப்பு குறைந்தால் பசியும் அதே அளவுக்குக் குறைந்து உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாதா என்று கேட்கலாம். நெய்வேலி நிறுவனம் பிறந்த அதே 1956இல் இந்தக் கேள்விக்கு ஓர் இந்தியத் தொழிற்சாலையிலிருந்தே பதில் வந்தது. ஜான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞர், வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் இருந்த சணல் ஆலை ஒன்றின் 213 ஆண்களை, கடையில் உட்கார்ந்திருப்பவர் முதல் நிலக்கரியும் சாம்பலும் சுமப்பவர் வரை, வேலைவாரியாகப் பிரித்து அவர்களின் உணவையும் எடையையும் அளந்தார். நடுத்தர உழைப்பிலிருந்து கடும் உழைப்பு வரை இருந்தவர்கள் வேலைக்கு ஏற்றபடி கூடுதலாக உண்டார்கள், எடை கூடவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களிடம் அந்த ஒழுங்கு குலைந்திருந்தது. குறைவாக உண்ண வேண்டியவர்கள் கடும் உழைப்பாளிக்குச் சமமாக உண்டார்கள். அவர்களே அதிக எடையோடும் இருந்தார்கள். ஓரளவு உழைப்பு இருக்கும்வரைதான் பசி நம்பகமான வழிகாட்டி, உழைப்பு ஒரு கோட்டுக்குக் கீழே போனால் அந்த வழிகாட்டியே தடுமாறுகிறது என்று அவர் கருதினார். அந்த ஆய்வின் அளவீட்டு முறைகளில் பின்னால் குறை கண்டவர்கள் உண்டு. உழைப்பு குறைந்ததும் உணவு தானாகக் குறைந்துவிடாது என்ற அதன் மையக் கருத்து மட்டும் பல விதமாகச் சோதிக்கப்பட்டு இன்றும் நிற்கிறது.

உட்கார்ந்த வேலைக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு அதற்கு மூன்றாண்டுகள் முன்பே லண்டனில் எழுதப்பட்டிருந்தது. ஜெரெமி மோரிஸ் என்ற மருத்துவர் அங்கே மாடி பஸ்களின் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டார். ஒரே பஸ், ஒரே நகரம், கிட்டத்தட்ட ஒரே வருமானம். நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய நடத்துநர்களை விட உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம். அந்த முடிவை எதிர்த்து முதலில் ஆதாரம் தேடியவரும் மோரிஸே. 1956இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் பஸ் ஊழியர்களின் சீருடை அளவுகளைப் புரட்டினார்கள். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு, இளவயதினரிடத்திலேயே பெரிதாக இருந்தது. அதாவது ஓட்டுநர் வேலைக்கு வந்தவர்களில் சிலர் ஏற்கெனவே பருமனாகத்தான் வந்திருக்கிறார்கள். வேலை மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. இந்தத் திருத்தம் நம் வாதத்தை வலுவிழக்கச் செய்யாமல் அதை இன்னும் பின்னால், பிள்ளைப் பருவத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. வேலையில் சேரும் நாளில் ஒருவனுடைய இடுப்பும் ரத்தக்குழாயும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் தீர்மானமாகிறது.

நெய்வேலியின் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை இருந்திருக்க வழியில்லை. அன்றைய தமிழ்நாட்டின் கவலை பசி. பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு மதிய உணவு என்று காமராஜர் மாநிலம் தழுவிய திட்டத்தைத் தொடங்கியதும் 1956இல்தான். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவும், பிறகு முட்டையும், 2022இல் காலை உணவும் அதே போரின் அடுத்தடுத்த கட்டங்கள். அந்தக் காலத்துப் பிள்ளையின் இதயத்துக்கு வந்த பெரிய ஆபத்தும் வேறு. நெரிசலான வீடுகளில் தொற்றும் தொண்டைப்புண், சிகிச்சையில்லாமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வைச் சிதைக்கும். நல்ல வீடும், கூப்பிடு தூரத்தில் மருத்துவமனையும், பென்சிலின் ஊசியும் அந்த நோயின் எதிரிகள். டவுன்ஷிப் வாழ்க்கை இந்த மூன்றையும் கொடுத்தது. பசியையும் தொற்றையும் எதிர்த்துக் கட்டிய ஊரில் கொழுகொழுவென்ற பிள்ளை வெற்றியின் அடையாளமாக இருந்ததில் ஆச்சரியம் என்ன? மெலிந்த பிள்ளையைப் பார்த்துத் தாயைக் கேள்வி கேட்ட சமூகம், தொப்பை விழுந்த பிள்ளையைப் பார்த்துத் திருஷ்டி சுற்றிப்போட்டது. அந்தக் கண்ணோட்டம் தன் காலத்தில் நியாயமானது. அதை உண்டாக்கிய காலம் போன பிறகும் அது தங்கிவிட்டதில்தான் சிக்கல்.

காலம் மாறியது வீட்டுக்குள்ளும் தெருவிலும் தெரிந்தது. விறகு தேடிய அலைச்சல் போய், நெய்வேலியிலேயே செய்த லெகோ கரிக்கட்டிகளும் பிறகு கேஸும் வந்தன. கிரைண்டர், மிக்ஸி, மோட்டார், தொலைக்காட்சி எல்லாம் அதே ஊரின் மின்சாரத்தில் ஓடின. களியும் கூழும் உண்ட வட்டாரத்தில் தீட்டிய அரிசி மூன்று வேளைச் சாப்பாடானது. 1991க்குப் பிறகு கேபிள் டிவியும் பாக்கெட் தின்பண்டங்களும் குளிர்பானமும், அதன் பின்னால் பேக்கரியும் பரோட்டாக் கடையும், கடைசியாகக் கைப்பேசியும் வரிசையாக வந்து சேர்ந்தன. சைக்கிளில் ஷிப்டுக்குப் போன தகப்பனுக்கு ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும் மகன் பிறந்தான். நிரந்தர வேலை கொடுத்த நிம்மதி அடுத்த தலைமுறைக்கு ஒரே ஒரு கட்டளையாகச் சுருங்கியது: படி. பொதுத்தேர்வும் நுழைவுத்தேர்வும் நெருங்க நெருங்க, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் யாரும் குற்றமாக நினைக்காத வழக்கமாகிவிட்டது. மைதானம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளையின் நேரம்தான் அங்கிருந்து டியூஷனுக்குப் பெயர்ந்துவிட்டது.

இதனால் இதயத்துக்கு என்ன ஆகிறது? மாரடைப்பு நடுவயதில் வருகிற நோய் என்பதால் பிள்ளைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் உடல்களை ஆராய்ந்து 1953இல் வெளியான கட்டுரை அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தது. சராசரி வயது 22 இருந்த அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் இதயத் தமனிகளில் நோயின் தடயம் இருந்தது. அது எப்போது தொடங்கியது என்பதைத் தேடிய ஆய்வுகளில் தலையாயது, நெய்வேலியைப் போலவே ஒரு நிறுவனம் கட்டிய ஊரில் நடந்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள பொகலூசா, மர அறுவை ஆலை ஒன்று தன் தொழிலாளருக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய ஊர். அந்த ஊரில் பிறந்த மருத்துவர் ஜெரால்டு பெரன்சன் 1970களின் தொடக்கத்தில் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளின் உயரம், எடை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு ஆகியவற்றை அளந்து, அதே பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். விபத்து முதலிய காரணங்களால் இளமையில் இறந்த, 2 முதல் 39 வயது வரையிலான 204 பேரின் உடற்கூறு ஆய்வு 1998இல் வெளிவந்தது. 15 வயதுக்குள் இறந்தவர்களிலேயே பாதிப்பேரின் இதயத் தமனிகளில் கொழுப்புக் கீற்றுகள் இருந்தன. உயிரோடு இருந்தபோது எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவை எத்தனைக்கெத்தனை கூடியிருந்தனவோ, அத்தனைக்கத்தனை அந்தப் படிவும் பரவியிருந்தது. அதே பொகலூசாவில் 1999இல் கணக்கிட்டபோது, அதிக எடையுள்ள பள்ளிப் பிள்ளைகளில் 58 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, கூடுதல் இன்சுலின் போன்ற இதய ஆபத்துக் காரணிகளில் ஒன்றாவது ஏற்கெனவே இருந்தது.

இந்தச் சேதம் பல வழிகளில் நேர்கிறது. உடல் பருத்தால் அதற்கு ஊட்ட வேண்டிய ரத்தத்தின் அளவு கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிகமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. வருடக்கணக்கில் அப்படித் தள்ளும் இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு இல்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்தபடி இருக்கிறது. அதனால் இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. கூடிய இன்சுலின் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்வதால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, டிரைகிளிசரைடு உயர்கிறது, காக்கும் தன்மையுள்ள எச்.டி.எல். இறங்குகிறது. தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் சேர்ந்தால் இரவிலும் இதயத்துக்கு ஓய்வில்லை. பிள்ளைக்கு இவற்றில் எதுவும் வலிக்காது. பின்கழுத்தில் வெல்வெட்டுப் போலக் கறுத்துத் தடித்த தோலை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கும் வீடுகள் உண்டு. பல பிள்ளைகளில் அது இன்சுலின் மிகையின் வெளி அடையாளம். வலியில்லாத, பெயர் தெரியாத, பதினைந்து இருபது ஆண்டுகள் மௌனமாக நடக்கும் இந்தச் சேதத்தை அளந்து பார்த்தால் ஒழிய அறிய முடியாது.

தமிழ்நாட்டில் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 13 முதல் 18 வயது வரையிலான 4,700 சென்னைப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 2002இல் வெளியிட்ட கட்டுரையில், மாணவர்களில் 17.8 சதவீதமும் மாணவிகளில் 15.8 சதவீதமும் அதிக எடையோடு இருந்தார்கள். உடலியக்கம் குறைந்தவர்களிடமும் வசதியான வீட்டுப் பிள்ளைகளிடமும் அது மிகுந்திருந்தது. 2014இல் வெளியான இன்னொரு சென்னை ஆய்வு 6 முதல் 17 வயது வரை ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை அளந்தது. தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதம், அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம் பேர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். ஒரே நகரத்துக்குள், ஒரே மரபு கொண்ட பிள்ளைகளிடையே ஆறு மடங்கு இடைவெளி. பரம்பரை வாகு என்று சொல்லித் தப்பிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மரபணு பள்ளிக் கட்டணத்தைப் பார்த்து வேலை செய்யாது. நிலையான சம்பளம், வீட்டு வாசல்வரை சாலை, வண்டி, தின்பண்டம், தேர்வு நெருக்கடி என்று சென்னைத் தனியார் பள்ளிப் பிள்ளையின் வாழ்க்கையில் எவையெல்லாம் இருக்கின்றனவோ, அவையெல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலும் இருக்கின்றன.

அப்படியானால் இது வசதி படைத்தவரின் கவலைதானே, டவுன்ஷிப் வேலியின் அந்தப் பக்கம் நிலம் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைகளும் மெலிந்து கிடக்கும்போது இதைப் பேசுவது முறையா என்ற கேள்வி நியாயமானது. முழுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் கூட. 1969 முதல் 1972 வரை டெல்லியில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து அளந்துவந்த ஆய்வின் முடிவு 2004இல் வந்தது. முப்பது வயதை ஒட்டி நீரிழிவோ அதன் முந்தைய நிலையோ வந்தவர்கள், கைக்குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, இரண்டு வயதுக்குப் பிறகு மற்றவர்களைவிட வேகமாக எடை ஏறியவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவரைக்கூட உடற்பருமன் உள்ளவர் என்று அளவுகோல் சொல்லியிருக்காது. புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழு பிறந்த குழந்தைகளை அளந்தபோது, ஆங்கிலேயக் குழந்தைகளைவிட எடை மிகக் குறைந்த நம் குழந்தைகளிடம் தசை குறைந்திருந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை என்று கண்டது. நம் உடல்கள் சிறிய எடையிலேயே ஆபத்தை எட்டுகின்றன என்பதால்தான், இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகள் பெரியவர்களின் உடல் நிறை குறியீட்டெண்ணுக்கு (பி.எம்.ஐ.) உள்ள 25, 30 என்ற உலக அளவுகோலுக்குப் பதிலாக 23, 27 ஆகிய அளவுகளுக்கு இணையான கோடுகளை வரைந்தன. ஆக, பசித்த குழந்தையும் பருத்த பிள்ளையும் இரண்டு வர்க்கங்களின் தனித்தனிப் பிரச்சினைகளாக இருக்கவில்லை. இன்று மெலிந்திருக்கும் குழந்தையின் வீட்டுக்கு நாளை கூலி உயர்ந்து வசதி வரும்போது, அதிக ஆபத்து அந்தக் குழந்தைக்குத்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடையுள்ளவர்கள் என்பது, அந்த வேலியை இந்தப் பிரச்சினை எப்போதோ தாண்டிவிட்டதைக் காட்டுகிறது.

வளரும்போது சரியாகிவிடும் என்பது இன்னொரு மறுப்பு. சிலருக்குச் சரியாகிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வயது ஏற ஏற அந்த வாய்ப்பு சுருங்குகிறது. பதின்ம வயதில் பருமனாக இருப்பவர்களில் பெரும்பாலோர் பெரியவராகியும் அப்படியே இருக்கிறார்கள். இந்த மறுப்புக்குள் ஒளிந்திருக்கும் உண்மையை 2011இல் வந்த ஓர் ஆய்வு தெளிவாக்கியது. பொகலூசா உட்பட அமெரிக்கா, பின்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நடந்த நான்கு நெடுநாள் ஆய்வுகளின் 6,328 பேரைச் சராசரி 23 ஆண்டுகள் தொடர்ந்ததில், சிறுவயதில் எடை மிகுந்திருந்து பெரியவரானபோது பருமன் நீங்கியவர்களுக்கு நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், தமனித் தடிப்பு ஆகியவற்றின் ஆபத்து, என்றுமே பருமனாக இல்லாதவர்களின் அளவுக்கே இறங்கியிருந்தது. குழந்தைப் பருவத்துச் சேதம் தலையெழுத்து ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல செய்தி வேண்டாம். தானாகச் சரியாகும் என்று காத்திருப்பதற்கு இது ஆதாரமாகாது. சரிசெய்தால் பலன் உண்டு என்பதற்கே இது ஆதாரம்.

நெய்வேலிக்கே உரிய மறுப்பு ஒன்று இருக்கிறது. புகைபோக்கிக்கும் சாம்பல் ஏரிக்கும் நடுவே வாழும் பிள்ளையிடம் இட்லிக் கணக்கும் ஓட்டக் கணக்கும் கேட்பது, நிர்வாகத்தின் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் கட்டுவதாகாதா? காற்றிலுள்ள நுண்துகள்கள் இதயத்துக்குக் கேடு என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை. அந்தக் கேள்வியைத் தளர்த்தக் கூடாது. ஆனால் ஒரு தமனிக்கு இரண்டு தாக்குதல்கள் வரும்போது ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஏற்கெனவே அழற்சியும் அழுத்தமும் உள்ள ரத்தக்குழாயில் கெட்ட காற்றும் சேர்ந்தால் சுமை கூடுமே தவிரக் குறையாது. அதோடு, எடைப் பிரச்சினையைக் குடும்பத்தின் குற்றமாகப் பார்க்கக் கூடாது என்பதே நம் வாதமும். காற்றுக்கு யார் பொறுப்போ, ஒரு டவுன்ஷிப்பில் மைதானத்துக்கும் கேன்டீனுக்கும் பள்ளி நேர அட்டவணைக்கும் பெரும்பாலும் அவர்களேதான் பொறுப்பு.

எடை பார்க்கத் தொடங்கினால் பிள்ளைகள் அவமானப்படுவார்கள் என்ற அச்சமும் பொய்யில்லை. பட்டப்பெயர் வைப்பதில் நம் வகுப்பறைகளுக்கு இரக்கம் கிடையாது. கேலிக்கு ஆளான பிள்ளை மைதானத்திலிருந்து இன்னும் விலகித் தனியாக இன்னும் அதிகமாக உண்கிறது. ஆகவே எடைப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதும் எல்லார் முன்னாலும் எண்ணைச் சொல்வதும் கூடாது. வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவதும் தவறு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்க வேண்டிய தேவைகூட இல்லை. உயரம் கூடும்வரை எடை ஏறாமல் பிடித்து வைத்தாலே கணக்கு நேராகும். அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். அளப்பதில் உள்ள ஆபத்து அளக்கும் முறையில் இருக்கிறது. அளக்காமல் விட்டால் வரும் ஆபத்து தமனியில் இருக்கிறது.

தொழில் நகரங்களில் இதைச் செய்துகாட்ட முடியும் என்பதற்கும் இந்தியாவிலேயே சான்று உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டின் வெவ்வேறு தொழிலகங்களில் ஊழியர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் அளந்து, கேன்டீன் உணவை மாற்றி, அறிவுரை கொடுத்து, நடக்கவும் விளையாடவும் ஏற்பாடு செய்து பார்த்த திட்டத்தில், சில ஆண்டுகளிலேயே எடையும் இடுப்புச் சுற்றளவும் ரத்த அழுத்தமும் இறங்கின என்று 2009இல் அறிக்கை வந்தது. பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி சொல்கிறது. ஐந்து முதல் பதினேழு வயது வரை தினமும் ஒரு மணி நேரம் உடல் வேர்க்க இயங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலகில் பள்ளி வயதுப் பிள்ளைகளிடையே எடை குறைந்தவர்களின் விகிதத்தை உடற்பருமன் உள்ளவர்களின் விகிதம் முதன்முறையாகத் தாண்டிவிட்டது என்று யுனிசெஃப் 2025இல் அறிவித்தபோது, இது ஏதோ சில பணக்கார வீடுகளின் செய்தி என்ற நினைப்புக்கும் முடிவு வந்துவிட்டது.

சென்னையில் போதிய நடைபாதை இல்லை, போதிய மைதானம் இல்லை, ஒரு பிள்ளையைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் ஒரே மருத்துவமனையும் இல்லை. நெய்வேலியில் மரநிழலோடு அகலமான சாலை உண்டு, சைக்கிள் தூரத்தில் பள்ளி உண்டு, பாரதி விளையாட்டு அரங்கம் உண்டு, ஊழியர் குடும்பங்களுக்கென்று நிர்வாகமே நடத்தும் பொது மருத்துவமனை உண்டு. பொகலூசாவில் பெரன்சனுக்குக் கிடைத்ததைவிட நல்ல களம் இது. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் தனியறையில் அளந்து, பெற்றோரிடம் மட்டும் கொடுத்து, மருத்துவமனை ஏட்டில் ஏற்றி வைப்பதற்குப் பெரிய செலவில்லை. பி.டி. பீரியடைப் பறிக்கக் கூடாது என்ற ஒரு சுற்றறிக்கைக்குச் செலவே இல்லை. வேலிக்கு வெளியே உள்ள அரசுப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் அதே அளவீட்டையும் அதே மைதானத்தையும் திறந்துவிடுவது, நிலம் கொடுத்த ஊர்களுக்கு நிறுவனம் செய்ய வேண்டிய கடன். அறுபது ஆண்டுகளாக மெகாவாட்டைத் தினமும் தவறாமல் கணக்கெடுத்த ஊர் இது. தன் பிள்ளைகளின் ரத்த அழுத்தத்தை ஆண்டுக்கு ஒரு நாள் கணக்கெடுக்க அதனால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. பெற்றோரும் தொழிற்சங்கங்களும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் போனஸோடு இதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.